கரையில் காலை, கப்பலில் மாலை

ரோமையும் ஏதென்ஸையும் கண்ணால் பார்க்க வேண்டும். ஊர் ஊராகப் பிரிந்துபோன நண்பர்களோடு சில நாள் சேர்ந்திருக்க வேண்டும். மத்தியதரைக் கடலில் ஒரு பெரிய கப்பலில் போய்வர வேண்டும். பிள்ளைகளின் படிப்பும் கல்யாணமும் முடிந்து, ஓய்வுக்காலப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி ஐரோப்பாவுக்குக் கிளம்பும் தம்பதிகளிடம் இந்த மூன்று ஆசைகளும் சேர்ந்தே இருக்கின்றன. பயண நிறுவனங்களும் மூன்றையும் ஒரே கட்டணத்தில் கட்டிக் கொடுக்கின்றன. ஏழு இரவு கப்பல், வழியில் ஐந்து துறைமுகம், பகலில் இறங்கிப் பழங்காலச் சின்னங்கள், இரவில் நண்பர்களோடு சாப்பாடு. இந்த ஏற்பாட்டில் இரண்டு ஆசைகள் நன்றாகவே நிறைவேறும். மூன்றாவது, அதாவது அவர்கள் எதற்காக இவ்வளவு தூரம் வந்தார்களோ அந்தப் பழமை, கைநழுவிப் போகும். ஏனென்றால் பழைய நகரங்களுக்குக் கொடுக்க வேண்டியது காலை நேரம். நண்பர்களுக்குக் கொடுக்க வேண்டியது மாலை. கப்பல் மாலைகளைத் தாராளமாகத் தருகிறது, காலைகளை எடுத்துக்கொள்கிறது. ஆகவே முதலில் கரையில் இருவர் மட்டும் தங்கிப் பார்ப்பது, பிறகு நண்பர்களோடு கப்பல் ஏறுவது என்று பயணத்தை இரண்டாக வகுத்துக்கொள்வதே சரி என்று நினைக்கிறேன்.

ரோமையே எடுத்துக்கொள்வோம். கப்பல் அட்டவணையில் ‘ரோம்’ என்று போட்டிருக்கும் இடம் சிவிட்டாவெக்கியா என்ற துறைமுக ஊர். அங்கிருந்து ரோம் நகரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். கப்பல் காலை ஏழு மணிக்குக் கரையணைகிறது என்று வைத்துக்கொண்டால், ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் இறங்கி, பேருந்தில் ஏறி, நகர நெரிசலைத் தாண்டிக் கொலோசியத்தின் வாசலில் நிற்கும்போது பத்து மணிக்கு மேல் ஆகிவிடும். மாலை ஆறு, ஏழு மணிக்குக் கப்பல் புறப்படும் என்றால் அதற்கு அரை மணி, ஒரு மணி முன்பே எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். வழியில் தடங்கல் வரலாம் என்ற பயத்தில் வழிகாட்டி மூன்று, மூன்றரை மணிக்கே கூட்டத்தைத் திரட்டத் தொடங்குவார். மதியச் சாப்பாட்டைக் கழித்தால் கையில் நிற்பது நான்கு மணி நேரம். கொலோசியம், அதை ஒட்டிய ரோமன் ஃபோரம், பாலட்டைன் குன்று ஆகிய மூன்றுக்கும் ஒரே சீட்டுதான். அவற்றை ஓரளவு நிதானமாகப் பார்க்கவே இந்த நான்கு மணி நேரம் பற்றாது. இரும்புக் கம்பி சேர்க்காத கான்கிரீட்டால் கட்டி, 43 மீட்டர் அகலத்துக்கு ஒரே குவிமாடமாக 1,900 ஆண்டுகளாக நிற்கும் பாந்தியனைப் பேருந்து ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்க முடியாது. அது குறுகிய தெருக்களுக்கு நடுவில் இருக்கிறது, நடந்துதான் போக வேண்டும். வாட்டிகன் அருங்காட்சியகத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இது கப்பல் நிறுவனத்தின் சூழ்ச்சி என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. மண்தான் காரணம். ரோமுக்கு அருகிலேயே துறைமுகங்கள் இருந்தன. டைபர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஆஸ்டியா இருந்தது. கிளாடியஸ் அரசர் அதற்குச் சற்று வடக்கே செயற்கைத் துறைமுகம் ஒன்றை அமைத்தார். டிராஜன் அறுகோண வடிவில் அதற்கு உள்துறை ஒன்றைத் தோண்டினார். டைபர் கொண்டுவந்த வண்டல் இரண்டையும் தூர்த்துவிட்டது. ஆஸ்டியா இப்போது கடலிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. டிராஜனின் அறுகோணம் ஃபியூமிசீனோ விமான நிலையத்தின் அருகில் ஒரு குளமாக மிஞ்சியிருக்கிறது. விமானம் தாழும்போது ஜன்னலோரம் இருப்பவர்கள் பார்த்திருக்கலாம். ஆர்னோ ஆற்று வண்டலால் பீசா கடலை இழந்தது, அதனால்தான் ஃபுளோரன்ஸுக்குப் போகிறவர்கள் லிவோர்னோவில் இறங்கி ஏறக்குறைய 90 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது. துருக்கிக் கரையில் எஃபேசஸ் பெரிய துறைமுக நகரமாக இருந்தது. இன்று கடல் அங்கிருந்து ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் விலகிவிட்டது. கிரேக்க மாலுமிகள் முத்துக்குப் பேர்போன துறையாகக் குறித்துவைத்த நம் கொற்கையும் தாமிரபரணி வண்டலால் இப்படித்தான் கடலைவிட்டு உள்ளே தள்ளிப்போனது. பழைய துறைமுகங்கள் மண்மூடிப் போயின. இன்றைய கப்பலுக்கோ ஆழமான துறை வேண்டும். ஆகவே கப்பல் நிற்கும் இடமும் பழமை இருக்கும் இடமும் பல ஊர்களில் பிரிந்துவிட்டன. வெனிஸில் இதற்கு வேறு காரணம்: 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் நகரின் நடுக் கால்வாய்க்குள் வரக்கூடாது என்று 2021 ஆகஸ்டில் தடை வந்தது. அதன்பின் வெனிஸ் பயணம் என்று விற்கப்படும் சில கப்பல்கள் ராவென்னாவிலோ ட்ரியெஸ்டேயிலோ ஆளை இறக்குகின்றன. அங்கிருந்து வெனிஸுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல்.

எல்லாத் துறைமுகமும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயுஸ், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டக்ளீஸ் காலத்தில் வலுப்பெற்றது. இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. நகர மையம் அங்கிருந்து பத்து கிலோமீட்டர்தான், மெட்ரோ ரயிலில் அரை மணிக்குள் போய்விடலாம். கிரீட் தீவின் ஹெராக்லியானிலிருந்து க்னோசஸ் அரண்மனை ஐந்து கிலோமீட்டர். குரோவேஷியாவின் ஸ்பிளிட் நகரத்தில், டயக்ளீஷியன் அரசர் கி.பி. 305இல் பதவி துறந்து வந்து தங்கிய அரண்மனை கடற்கரையிலேயே நிற்கிறது. அதன் சுவர்களுக்குள் இன்றும் வீடும் கடையும் வைத்து மக்கள் வாழ்கிறார்கள். ஸ்பெயினின் கார்த்தஜேனாவில் 1988இல் கண்டெடுக்கப்பட்ட ரோமானிய அரங்கம், கப்பலிலிருந்து இறங்கி நடந்தே போகும் தூரம். துருக்கியின் குஷாதாசி துறைமுகத்திலிருந்து எஃபேசஸ் சுமார் 20 கிலோமீட்டர். கிரேக்கத் தீவான மிக்கோனோஸிலிருந்து அரை மணிப் படகில் டீலோஸ் தீவு. பிறப்பும் இறப்பும் நிகழக்கூடாத புனித பூமி என்று ஒரு காலத்தில் ஏதென்ஸ்காரர்கள் விதித்த தீவு அது. இன்றும் பயணிகள் யாரும் இரவு தங்க முடியாது, ஆகவே கப்பலில் வந்தவருக்கும் விடுதியில் தங்கியவருக்கும் அங்கே ஒரே சலுகைதான். கப்பலில்தான் பார்ப்பேன் என்கிறவர்கள் இத்தகைய துறைமுகங்கள் உள்ள தடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ரோமும் ஃபுளோரன்ஸும் அப்படிக் கப்பலிலிருந்து எட்டிப் பார்க்கும் ஊர்கள் இல்லை.

நேப்பிள்ஸ் இந்த வாதத்துக்குச் சரியான சோதனை. தூரம் அங்கே தடையில்லை. கப்பல் நகரத்தின் காலடியிலேயே நிற்கிறது, பொம்பேயி 25 கிலோமீட்டர்தான். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்து, 1748 முதல் தோண்டப்பட்டுவரும் அந்த ஊரின் பரப்பு சுமார் 66 ஹெக்டேர். மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்கடியில்தான் இருக்கிறது. கப்பல் குழு இரண்டு, இரண்டரை மணி நேரம் அதில் நடக்கும்: ரொட்டி அடுப்பு, வெந்நீர்க் குளியலகம், தெருவில் வண்டிச் சக்கரம் பதித்த தடம், கடைசியாக ஒரு நினைவுப்பொருள் கடை. ஆனால் பொம்பேயியின் உயிர் பாதி அங்கே இல்லை. சுவரோவியங்களிலும் தரைச் சித்திரங்களிலும் சிறந்தவற்றை எடுத்து நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். அலெக்சாந்தரும் பாரசீக மன்னர் டேரியஸும் மோதும் அந்தப் புகழ்பெற்ற கல்சித்திரம், பொம்பேயியின் ஒரு பெரிய வீட்டுத் தரையிலிருந்து 1831இல் வெளிப்பட்டது; அதுவும் இந்த அருங்காட்சியகத்தைச் சேர்ந்ததுதான். பொம்பேயியில் வெறும் சுவரைப் பார்த்தவர் மறுநாள் அருங்காட்சியகத்தில் அந்தச் சுவரின் வண்ணத்தைப் பார்க்கும்போதுதான் வீடு வீடாகிறது. ஒரே நாளில் இரண்டையும் பார்க்கக் கப்பல் அட்டவணையில் இடமில்லை, அதனால் அருங்காட்சியகம்தான் விடுபடும். நம்மவர்களுக்கு இந்த இழப்பு இன்னும் பெரிது. பொம்பேயியில் 1938இல் கிடைத்த, இந்தியாவில் செதுக்கிய தந்தப் பெண்ணுருவம் அந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. முதலில் லட்சுமி என்றார்கள், இப்போது யட்சி என்று கருதுகிறவர்களே அதிகம். தக்காணத்திலிருந்து போயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. எரிமலை வெடிப்பதற்கு முன்பே இந்தியப் பொருள் ஒன்று இத்தாலியில் ஒரு வீட்டை அலங்கரித்திருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று வேண்டுமா? ரோமிலும் இப்படி ஓர் இடம் உண்டு. ஃபோரத்தை ஒட்டி மாக்சென்டியஸ் கட்டிய பெரிய மண்டபத்தின் அடியில், அதற்கும் முன்பு டொமீஷியன் அரசர் காலத்தில் கட்டிய மிளகுக் கிடங்குகளின் எச்சங்கள் இருக்கின்றன. சங்கப் பாடல்கள் சொல்லும் முசிறியிலிருந்து யவனர் பொன் கொடுத்து ஏற்றிப்போன மிளகு போய்ச் சேர்ந்த ஊர் இதுதான். கையில் குடை பிடித்து முன்னால் ஓடும் வழிகாட்டிக்கு இங்கே நின்று சொல்ல நேரம் இருக்காது.

காலை நேரம் என்று நான் வலியுறுத்துவதற்கு வெயிலும் கூட்டமும் காரணம். ஏதென்ஸ் அக்ரோபொலிஸில் 2023 செப்டம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேர் என்ற உச்சவரம்பு வந்தது. மணிக்கணக்கு வைத்துச் சீட்டுக் கொடுக்கிறார்கள். பொம்பேயியிலும் 2024 நவம்பரில் அதே 20,000 வரம்பும் பெயர் பதிந்த சீட்டும் வந்தன. கொலோசியம் சீட்டிலும் பெயர் வேண்டும். அக்ரோபொலிஸில் காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும்போது உள்ளே போகிறவர், கப்பல் கூட்டம் வருவதற்குள் அங்குள்ள பார்த்தெனன் கோயிலைப் பார்த்துவிடலாம். பத்து, பத்தரைக்குமேல் கப்பல் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அக்ரோபொலிஸ் நிழலில்லாத பாறை. கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் மதியம் பன்னிரண்டிலிருந்து மாலை ஐந்து வரை அதை மூடிவிடுகிறார்கள். அண்மை ஆண்டுகளின் கோடைகளில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. மூடிய நாளில் கரையில் தங்கியிருப்பவர் மறுநாள் காலை போய்க்கொள்ளலாம். கப்பலில் வந்தவருக்கு மறுநாள் வேறு தீவு.

கரையில் தங்கிப் பார்ப்பதற்கு வரும் முதல் மறுப்பு உடம்பைப் பற்றியது, நியாயமானதும்கூட. அறுபதைத் தாண்டியவர்களுக்கு முழங்கால் வலி இருக்கும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு ஊர் ரயில் மாறுவது முடியாது. கப்பலில் ஒரு தடவை பெட்டியைத் திறந்து துணியை அலமாரியில் வைத்தால் கடைசி நாள்தான் மூட வேண்டும் என்பார்கள். உண்மை. ஆனால் பத்து ஊருக்கு ரயில் மாறச் சொல்லவில்லை. ரோமில் நான்கு இரவு, ஏதென்ஸில் மூன்று இரவு என்று இரண்டு இடத்தில் பெட்டியைத் திறந்தால் போதும். மேலும் முழங்கால் வலி உள்ளவருக்குத்தான் கப்பல் நாள் அதிகக் கொடுமை. குழுவின் வேகத்துக்கு அவர் நடக்க வேண்டும், உட்கார்ந்தால் பேருந்து போய்விடும். தனியாக வந்தவர் இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம், மாலை வெயில் தாழ்ந்தபின் மறுபடி கிளம்பலாம். வசதிகளும் முன்பைவிடக் கூடியிருக்கின்றன. அக்ரோபொலிஸில் நடக்க இயலாதவர்களுக்காக 2020 இறுதியில் புதிய மின்தூக்கி வந்தது. கொலோசியத்திலும் மின்தூக்கி உண்டு. பொம்பேயியில் சக்கர நாற்காலி போகும்படி மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஒரு தடம் சமன்செய்திருக்கிறார்கள். இவற்றைப் பயன்படுத்தத் தேவைப்படுவதும் நேரம்தான்.

அடுத்தது பணம். அறை, மூன்று வேளைச் சாப்பாடு, ஊர்விட்டு ஊர் போகும் செலவு எல்லாம் கப்பல் கட்டணத்தில் அடங்கிவிடுகிறது, ஐரோப்பிய விடுதிகளின் விலைக்குக் கப்பல் மலிவு என்கிறார்கள். சாப்பாட்டு விஷயத்தில் நம்மவர்களுக்கு அது பெரிய ஆறுதல் என்பதையும் மறுக்க மாட்டேன். முன்கூட்டியே சொல்லிவைத்தால் சைவச் சாப்பாட்டுக்குப் பல கப்பல்களில் ஏற்பாடு செய்கிறார்கள். ஆனால் கணக்கை முழுவதும் போட வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று தினமும் சேவைக் கட்டணம் ஏறும். இணையம் தனி. ஒவ்வொரு துறைமுகத்திலும் கப்பல் நடத்தும் கரைச் சுற்றுலாவுக்குத் தனிக் கட்டணம், அதுதான் கனமானது. வேண்டாம், சொந்தமாகப் போய்வரலாம் என்றால் ஒரு பயம் இருக்கிறது. கப்பலின் சொந்தச் சுற்றுலாப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகப் போனவருக்காகக் காத்திருக்காது. அந்தப் பயமே பலரைக் கப்பல் சுற்றுலாவை வாங்க வைக்கிறது. சான்டரீனித் தீவிலும் மிக்கோனோஸிலும் கோடை உச்சத்தில் இறங்கும் ஒவ்வொரு கப்பல் பயணிக்கும் 20 யூரோ என்று கிரேக்க அரசு 2025 ஜூலையில் ஒரு வரியும் போட்டிருக்கிறது. சான்டரீனியின் நெருக்கடி அப்படி. நாளொன்றுக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று அங்கே வரம்பு வைக்க வேண்டி வந்தது. ஐந்து துறைமுகத்தில் ஐந்து கரைச் சுற்றுலா வாங்கும் தம்பதி, அந்தத் தொகையைக் கரையில் நல்ல இடத்தில் சில இரவுகள் தங்கச் செலவழிக்கலாம்.

மூன்றாவது மறுப்புதான் யோசிக்க வைப்பது. எல்லாவற்றிலும் கொஞ்சம் பார்த்தால் போதாதா, பிடித்த ஊருக்கு இன்னொரு முறை வரலாமே என்பது அது. பாரிஸில் இருப்பவருக்கோ ஜெனீவாவில் இருப்பவருக்கோ இது சரியான யோசனை. அவர்களுக்கு ரோம் ஒரு வார இறுதி. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ போகிறவர் விசாவுக்குக் காகிதம் சேர்த்து, விமானத்துக்குப் பெருந்தொகை கொடுத்து, பெரும்பாலும் ஒரு முறைதான் போகிறார். அந்த ஒரு முறையில் பார்த்தெனன் அவருக்குத் தூண்களின் முன்னால் எடுத்த புகைப்படமாக மட்டும் மிஞ்சக்கூடாது. கி.மு. 447இல் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளில் எழுந்த ஏதீனாவின் கோயில், பிறகு மாதா கோயிலாகி, மசூதியாகி, 1687இல் உள்ளே வைத்திருந்த வெடிமருந்தில் வெனிஸ் படையின் குண்டு விழுந்து சிதறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எல்ஜின் பிரபு அதன் சிற்பங்களைப் பெயர்த்து லண்டனுக்கு அனுப்பினார். 2009இல் திறந்த அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தின் மேல்தளத்தில், மிஞ்சிய சிற்பங்களை இருந்த வரிசையிலேயே வைத்து, லண்டனில் இருப்பவற்றின் இடத்தில் வெள்ளை வார்ப்புகளை நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு நாடு தன் இழப்பை அப்படிக் காட்டுவதை நின்று பார்ப்பதற்கு ஒரு முழுக் காலை வேண்டும். பார்த்தவர் அதை மறக்க மாட்டார்.

அப்படியானால் கப்பல் எதற்கு? நண்பர்களுக்காக. இதில் கப்பலுக்கு இணையே இல்லை. ஐரோப்பாவில் இருக்கும் நண்பர் வீட்டில் போய்த் தங்கினால் அவர் விடுப்பு எடுக்க வேண்டும், வீட்டம்மா மூன்று வேளை சமைக்க வேண்டும், நான்காவது நாள் இரு பக்கமும் களைத்துப்போவார்கள். கப்பலில் யாரும் விருந்தாளி இல்லை, யாரும் விருந்து கொடுப்பவரும் இல்லை. சூரிச்சிலிருந்து ஒருவர், லண்டனிலிருந்து ஒருவர், நியூ ஜெர்சியிலிருந்து ஒருவர், கோவையிலிருந்து ஒருவர் என்று வந்து சேரலாம். பகலில் ஒருவர் தூங்கலாம், ஒருவர் நீச்சல் குளத்துக்குப் போகலாம், ஒருவர் கரையில் இறங்கலாம். இரவு எட்டு மணிக்கு ஒரே மேசையில் கூடிவிடலாம். பழைய இடங்களைக் கும்பலாகப் பார்க்கும்போது நேர்வது வேறு. எட்டுப் பேரில் இரண்டு பேருக்குத்தான் கல்வெட்டில் ஆர்வம் இருக்கும். மற்றவர்கள் நிழலில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அந்த இரண்டு பேரும் குற்ற உணர்வோடு பாதியில் வெளியே வருவார்கள். கணவன் மனைவி இருவர் என்றால் ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பது பழகிய விஷயம். ஆகையால் நண்பர்களைக் கப்பலில் சந்திப்பதும், அதற்கு முன்பே இருவருமாகக் கரையில் பார்த்து முடிப்பதும் நட்புக்கும் நல்லது. இந்த வரிசையில் போனால் கப்பலில் ஒரு துறைமுகத்தில் இறங்காமல் இருந்துவிட்டாலும் வருத்தம் இருக்காது. கப்பல் காலியாக, கடல் அமைதியாக இருக்கும் அந்தப் பகல்தான் பழைய நண்பர்கள் மனம்விட்டுப் பேசும் பகல்.

விசாவையும் இந்த வரிசைக்கு ஏற்பத் திட்டமிட வேண்டும். ஷெங்கன் விசாவுக்கு, அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. ரோமில் நான்கு இரவு என்று தெளிவாக முடிவுசெய்தவருக்கு இத்தாலி என்று சொல்வது எளிது. தினம் ஒரு நாட்டுக் கரையைத் தொடும் கப்பலை மட்டும் வைத்து இதைக் கணக்கிடுவது சிக்கல். கப்பல் துருக்கியைத் தொட்டுவிட்டுக் கிரேக்கத்துக்குத் திரும்புமானால் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறி மறுபடி நுழைகிறீர்கள்; ஒரு முறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா போதாது, பலமுறை நுழையும் விசாவைக் கேட்க வேண்டும். துருக்கிக்கான அனுமதி தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். காலம் என்று பார்த்தால் ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரையும் நல்லவை. ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள்.

கப்பலுக்குப் பணம் கட்டுவதற்குமுன் பயண நிறுவனத்திடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: ஒவ்வொரு துறைமுகத்தின் உண்மையான பெயர் என்ன, அங்கிருந்து நீங்கள் பார்க்க நினைக்கும் இடம் எத்தனை கிலோமீட்டர், கப்பல் எத்தனை மணிக்கு நின்று எத்தனை மணிக்குக் கிளம்புகிறது. பதில் வந்ததும் எந்த ஊரைக் கரையில் தங்கிப் பார்ப்பது, எதைக் கப்பலுக்கு விடுவது என்பது தானே தெரிந்துவிடும். கரை நாட்களை முதலில் முடிவுசெய்து, அதன்பிறகு கப்பலைத் தேடுங்கள். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். சித்திரையில் கிளம்ப நினைக்கும் தம்பதி ஐப்பசியிலேயே காகிதங்களைத் தயார் செய்யத் தொடங்கிவிடலாம்.